இரண்டாவது சாக்ஸபோன்

சாக்ஸபோன் மேஷ்ட்ரு வாசிப்பார், நான் அதையே திருப்பி வாசிக்க வேண்டும். எங்கள் ஊர் மண்டி மொஹல்லாவில் மாவு மில்லுக்கு மேலே இருந்த அவருடைய அறையில் இரண்டு வருஷமாக இதுதான் பாடம். மோகனத்தில் ஒரு சின்னத் துண்டு வாசித்து நிறுத்துவார். அதே துண்டை, அதே அசைவோடு நான் வாசிப்பேன். தலையாட்டிவிட்டு அடுத்த துண்டுக்குப் போவார். ஒரு ராகத்தை எங்கே தொடங்குவது, எப்படி வளர்ப்பது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், காது முதலில் பழகட்டும் என்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். கரண்ட் ஆபீஸ்காரர் முதல் சீட்டுக்காரர் வரை யார் வந்து எதைச் சொன்னாலும் 'ஏன்' என்று கேட்கிற வேலை வீட்டில் எனக்குத்தான். அந்தப் பழக்கம் வகுப்பிலும் போகவில்லை. போன முகூர்த்த சீசனில் மேஷ்ட்ரு என்னைக் கல்யாணங்களுக்கு அழைத்துப்போக ஆரம்பித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. மண்டபத்தில் அவர் நடுவில் உட்காருவார், நான் அவருக்கு இடப்பக்கம். அவர் விட்ட இடத்தைப் பிடித்து நான் வாசிக்கும்போது அவர் மூச்சு வாங்கிக்கொள்வார். யாராவது என்னைப் புகழ்ந்தால், "நம்ம செகண்ட்" என்று பெருமையாக அறிமுகப்படுத்துவார். பாடம் எனக்காகவா, அவருடைய மூச்சுக்காகவா?

ஆடித் திருவிழாவுக்கு எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் ஒரு மணி நேரம் என்னை வாசிக்கச் சொன்னார்கள். அப்பா என்னைக் கேட்காமலே சம்மதித்து, வேலை செய்கிற இடத்திலெல்லாம் சொல்லியும்விட்டார். அன்று வீட்டில் சாக்ஸபோனை எடுத்து வாயில் வைத்தேன். எதை வாசிப்பதென்று தெரியவில்லை. முன்னால் ஒருவர் வாசித்தால் எதையும் வாசித்துவிடுவேன். யாரும் வாசிக்காதபோது என்னிடம் ஒன்றுமே இல்லை.

"என்ன, ரிப்பேரா?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

கல்யாணங்களில் அவர் தொடங்குவதை எவ்வளவோ கேட்டிருந்தேன். ஆனால் என் முறை எப்போது வரும் என்பதில்தான் கவனம் இருந்தது. ஞாபகத்தில் தங்கியதை வாயால் பாடிப் பார்த்து, விட்டுப்போன இடங்களை நானே இட்டுநிரப்பி, மோகனத்துக்கு ஒரு தொடக்கம் உண்டாக்கினேன். அடுத்த வகுப்பில் அவர் வாத்தியத்தை எடுக்குமுன் அதை வாசித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"வேற யார்கிட்டம்மா பாடத்துக்குப் போற?"

"யார்கிட்டயும் போகல மேஷ்ட்ரே."

"சும்மா சொல்லாத. இது நான் சொல்லிக் குடுத்ததில்லயே."

"அதத்தான் நானும் கேக்கறேன். ஏன் சொல்லிக் குடுக்கல?"

ஊதுகிற முனையைக் கழற்றித் துணியால் துடைக்க ஆரம்பித்தார். முன்பு ஒரு சிஷ்யருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாராம். இவர் வழக்கமாக வாசித்த மண்டபத்தில் இப்போது அந்தச் சிஷ்யர்தான் வாசிக்கிறாராம். "ஆரம்பிக்கத் தெரிஞ்சவங்க என்கூட நிக்கமாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோயில் விஷயத்தைச் சொன்னேன். துணைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். துணைக்கா, எங்கள் தெருவையும் கையில் வைத்துக்கொள்ளவா?

"வாங்க மேஷ்ட்ரே. ஆனா நான்தான் நடுவுல. நீங்க செகண்ட்" என்றேன்.

அவர் துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

கோயிலுக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். நான் எதுவும் சொல்லாமலே எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். யாருடைய சைகைக்குக் காத்திருப்பது என்று தெரியாமல் தவில்காரர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அப்பா முதல் வரிசையில், வேலை செய்கிற இடத்து ஆட்கள் சூழ உட்கார்ந்திருந்தார்.

நான் தொடங்கினேன். முதல் துண்டு முடியும் இடத்தில் விரல் வழுக்கி, ராகத்தில் இல்லாத ஒரு ஸ்வரத்தை உரசிவிட்டது. நிறுத்தினேன். மேஷ்ட்ரு வாத்தியத்தை எடுத்து அதே துண்டைத் திருப்பி வாசித்தார். என் பிசகையும் சேர்த்து, துல்லியமாக.

நடுவில் இருப்பவர் எப்படிப் போனாலும் கூடப் போவதுதான் செகண்ட் வாசிப்பவர் வேலை. அந்த மரியாதையைத்தான் எனக்குச் செய்தாரா, இல்லை நான் தப்புச் செய்ததை ஊருக்குக் காட்டினாரா? திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

தவில்காரர் இப்போது என்னை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சை இழுத்து அடுத்த துண்டைத் தொடங்கினேன்.