வலி முதுகில் இல்லை

செவ்வாய்க்கிழமை, சிகிச்சை முடிந்து ஜெசிந்தாக்கா செருப்பு மாட்டப் போனார். கட்டிலில் உட்கார்ந்தபடியே வலது காலைத் தூக்கினார்... "யம்மாடி!" தொடையும் அடிவயிறும் சேருகிற இடத்தில் கையை அழுத்திக்கொண்டார். அடுத்த நொடியே அந்தக் கை முதுகுக்குப் போய்விட்டது.

ஆனால் நான் பார்த்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து!

தூத்துக்குடியில் நான் பிசியோதெரபிஸ்ட் என்பது இந்தப் பத்தியை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். ஜெசிந்தாக்கா கருவாட்டுக் களத்தில் நாள் முழுக்கக் குத்தவைத்து மீன் பிரிக்கிறவர். எட்டு மாதமாக என்னிடம் 'முதுகுவலி'க்கு வருகிறார். பெல்ட், ஒத்தடம், இழுவை — எல்லாம் முதுகுக்கே செய்தேன்.

மறுபடி படுக்கச் சொன்னேன். முழங்காலை மார்புப் பக்கம் மடக்கி, லேசாக உள்பக்கம் திருப்பினேன். முந்தானையைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்.

"இங்கதானாக்கா?" தொடாமல் காட்டினேன்.

"மொத நாள்ல இருந்தே அங்கனதான் தம்பி."

"பின்னே ஏன் முதுகைக் காட்டினீங்க?"

"ஆம்பள முன்னால அங்கன எப்பிடிக் கைய வைக்க?"

இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுத்துவரச் சொன்னேன்.

எக்ஸ்ரேயும் அதையே சொன்னது. இடுப்பு மூட்டில், தொடை எலும்பின் உருண்டைத் தலைக்குக் கீழே கொஞ்சம் எலும்பு புடைத்திருக்கிறது. காலை நன்றாக மடக்கும்போதெல்லாம் அது மூட்டுக் குழியின் விளிம்பில் இடிக்கிறது. முதல் நாளே அந்தக் காலை ஒரு தடவை மடக்கித் திருப்பியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஏன் செய்யவில்லை? சேலை கட்டிய பெண், ஆண் பிசியோ... சங்கடம்! அவருக்கு அது வெட்கம். நான் மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

இதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. முதுகுக்காக நான் கொடுத்த பயிற்சி என்ன தெரியுமா? இரண்டு முழங்காலையும் மார்போடு கட்டிப் பிடிப்பது. காலையில் இருபது, மாலையில் இருபது. இடிக்கிற மூட்டை நானே தினமும் நாற்பது தடவை இடிக்கவைத்திருக்கிறேன்.

"ஒரு நாளும் விடல தம்பி. பெரிய வெள்ளிக்கிழமகூடச் செஞ்சேன்."

சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரு நோயாளி கிடைக்க மாட்டாரா என்று இதே பத்தியில் எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்! கிடைத்தாரே... தாங்க முடியவில்லை.

ஆபரேஷன் பற்றி இப்போதே பேச வேண்டியதில்லை. மூன்று மாதம் குத்தவைக்கக் கூடாது, உயரமான ஸ்டூலில் உட்கார வேண்டும், புட்டத்துத் தசைகளுக்குப் பலம் ஏற்ற வேண்டும். பலருக்கு இதிலேயே வலி அடங்கிவிடும். சொன்னேன்.

"குத்தவைக்காம கருவாடு எப்பிடித் தம்பி பிரிக்க?"

களத்து முதலாளிக்கு நானே போன் போட்டேன். ஒரு மேசை, ஒரு ஸ்டூல் அண்ணாச்சி... அவ்வளவுதான்.

"இருவது பொம்பளைய குத்தவச்சு வேல பாக்காவ. ஒருத்திக்கு மட்டும் ஸ்டூல் போட்டா மத்தவ சும்மா இருப்பாளா? மூணு மாசம் வீட்டுல இருக்கச் சொல்லுங்க டாக்டர். அவ எடத்துக்கு வேற ஆள் பாத்துக்கிடுதேன்."

மறுநாளே ஜெசிந்தாக்கா களத்துக்குப் போய்விட்டார். அவர் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பு எரியும். விடிகாலையில் புதிய பயிற்சியை ஒழுங்காகச் செய்கிறாராம். பிறகு பொழுது சாய்கிறவரை குத்தவைப்பு. எது ஜெயிக்கும்? எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும்.

என்னால் முடிந்தது, கிளினிக் சுவரில் ஒரு மனித உடல் படம் ஒட்டியதுதான். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் உண்டு. நேற்று வேறொரு பெண் வந்தார். எங்கே வலி என்றேன். படத்தில்கூட முதுகைத்தான் தொட்டார். பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஒரு நிமிடம்தான். வந்து பார்த்தால் முன்பக்கப் படத்தில், தொடை இடுக்கில், சின்னதாக ஒரு புள்ளி.

ஜெசிந்தாக்காவுக்கு எட்டு மாதமாக நான் கொடுக்காதது அந்த ஒரு நிமிடம்.