பனங்கட்டிப் பியரும் தம்பியின் குறட்டையும்

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய வெரிபீயில் எங்களுக்கு ஒரு போத்தல் கடை இருக்கிறது. சாராயக் கடை என்றால்தான் எங்கள் சனத்துக்கு விளங்கும். கோயிலில் யாராவது "என்ன பிசினஸ் செய்யிறியள்?" என்று கேட்டால், என் கணவர் "சின்னக் கடை ஒண்டு" என்று முணுமுணுத்துவிட்டுச் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவார். எனக்கு அந்த வெட்கம் கிடையாது. "சாராயக் கடை அன்ரி, ஒருக்கா வாங்கோவன்" என்பேன். அதற்குப் பிறகு அந்த அன்ரி என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

நான் ஒரு சொட்டும் குடித்தவள் இல்லை. ஆனால் எந்தப் பியர் போகும், எது நிற்கும் என்று எனக்குத் தெரியும். தாடி வைத்த பெடியங்கள் தாங்களே காய்ச்சிக் கொண்டுவந்து தருகிற கிராஃப்ட் பியர் எல்லாம் முதலில் குளிர்பெட்டியில், கண் மட்டத்தில் நிற்கும். தகர ரின்னில் நரி, விண்வெளி வீரன், அழுகிற வாழைப்பழம் என்று என்னென்னவோ படம். சனம் கதவைத் திறக்கும், எடுக்கும், திருப்பிப் பார்த்துச் சிரிக்கும், வைத்துவிட்டு வழக்கமாகக் குடிக்கிறதைத் தூக்கிக்கொண்டு போகும். கொஞ்ச நாளில் அதைக் கீழ்த் தட்டுக்கு இறக்குவேன். பிறகு குளிரில் இருந்து எடுத்து வெளித் தட்டுக்கு. கடைசியில் வாசலடிக் கூடைக்குள், பாதி விலைக்கு. கூடைக்குப் போன பியரை நாயும் மதிக்காது. அதுக்காக நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை, என் தம்பியின் பியர் வரும்வரை.

தம்பி எஞ்சினியர். நகரத்தின் மற்றப் பக்கம், கிளென் வேவர்லியில் வீடு. மகளின் பள்ளிக்கூடத்துக்காகவே தேடி வாங்கியது. அவன் மனைவி, எனக்கு மச்சாள், நானும் அவளுக்கு மச்சாள், ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நல்லாத்தான் இருந்தார்கள். கம்பனியில் ஆட்களைக் குறைத்தபோது அவனையும் நிறுத்திவிட்டார்கள். வேறு வேலை தேடினான், கிடைக்கவில்லை. பிறகு தேடுவதையே விட்டுவிட்டு, அறையின் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்தான். கிடந்தானே தவிர நித்திரை இல்லை. எங்கள் தம்பி நித்திரை கொண்டால் அயலட்டைக்கே தெரியும், அப்படி ஒரு குறட்டை. அந்த வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோனது. "மச்சாள், இவர் விடிய விடிய மேல பாத்துக்கொண்டு கிடக்கிறார். இவரைத் தனிய விட்டிட்டு வேலைக்குப் போகப் பயமாக் கிடக்கு" என்று மச்சாள் போனில் அழுதாள். எதற்குப் பயம் என்று நான் கேட்கவில்லை. அவள் வேலை செய்கிற வார்டில் எதையெதைக் காண்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் கிடையில் இருந்து அவனை எழுப்பியது பியர்தான். கராஜில் பெரிய பானை ஒன்றை வைத்துக்கொண்டு காய்ச்சத் தொடங்கினான். பனங்கட்டி போட்ட கறுத்தப் பியர். காய்ச்சத் தொடங்கியதும் சவரம் செய்தான், குளித்தான், மனுசரோடு மனுசராகக் கதைத்தான். பியருக்காகப் பிள்ளையாருக்கு மோதகம் அவித்த ஒரே ஆள் என் மச்சாளாகத்தான் இருப்பாள். பிறகு ஒரு சின்னப் பியர் ஆலையில் கொடுத்து முறையாகச் செய்வித்து, ரின்னில் அடைத்து, பெட்டி பெட்டியாக என் கடைக்குக் கொண்டுவந்தான். ரின்னில் ஒரு பனைமரம். படம் கீறியவன் பனையைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டான். அது அசல் தென்னைமரம். நான் வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு எவ்வளவு பாடு என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"அக்கா, வெரிபீயில எங்கட சனம் எவ்வளவு! பனங்கட்டி எண்டா விடுவாங்களே? இருந்து பாருங்கோ" என்றான்.

அங்கேதான் பிழை விட்டான். எங்கள் சனம் குடிக்காது என்று நான் சொல்லவரவில்லை. ஒரு கலியாணத்துக்குப் போனால் மண்டபத்துக்குள் பெண்கள், வெளியே கார் டிக்கியைத் திறந்து வைத்தபடி ஆண்கள். ஆனால் அந்த டிக்கிக்குள் இருப்பதை ஒருவரும் தெரிந்தவர் கடையில் வாங்குவதில்லை. வெரிபீத் தமிழன் பத்து ஊர் தள்ளிப் போய் வாங்குவான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று அவனுக்குத் தெரியும். தமிழ் ஆட்களின் கடைக்கு, அதுவும் ஒரு அக்கா நிற்கிற கடைக்கு, அவன் எந்தக் காலத்தில் வருவான்?

தவறி வந்தவர்களையும் நானே கலைத்தேன். ஒரு பெடியன் வந்து தம்பியின் பியரைக் கையில் எடுத்துவிட்டான். எனக்கு வந்த சந்தோசத்தில், "தம்பி, உங்கட அம்மாவைப் போன கிழமை கோயில்ல கண்டனான். முழங்கால் நோ இப்ப எப்பிடி?" என்று கேட்டேன். பெடியனின் முகம் செத்துப்போனது. "ஓகே அன்ரி, ஷீ இஸ் ஓகே" என்றபடி ரின்னை வைத்துவிட்டு, ஒரு லெமனேட் போத்தலை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான். "உன்ர வாயை வைச்சுக்கொண்டு ஒரு அஞ்சு நிமிசம் சும்மா இருந்தா என்ன?" என்று என் கணவர் ஏசினார்.

வெள்ளைக்காரருக்கோ பனங்கட்டி என்றால் என்னவென்று தெரியாது. பியர் நின்றது. மற்றப் பியர்கள் போன வழியில் அதுவும் கீழ்த் தட்டுக்குப் போனது. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து ரின்களைத் துடைத்து, படம் முன்னால் தெரியத் திருப்பிவைப்பான். ஆகையால் சனிக்கிழமை கடை பூட்டுவதற்கு முன் அவற்றைத் திரும்பக் கண் மட்டத்துக்கு ஏற்றிவைப்பேன். வேறு என்ன செய்ய? அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கூடைக்குள் போட என்னால் முடியுமா?

அப்போதுதான் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் வரத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமை தோறும் வந்து தம்பியின் பியரை மட்டும் கை கொள்ளாமல் அள்ளிக்கொண்டு போவாள். விலை பார்ப்பதில்லை, படம் பார்ப்பதில்லை. நான் துள்ளிக் குதிக்காத குறை. உடனே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "என்ன சொல்லுறா அக்கா? பிடிச்சிருக்காமோ?" என்று கேட்டான். "பிடிக்காமலே திரும்பத் திரும்ப வாறாள்?" என்றேன். அவன் உடனே போனை வைத்துவிட்டான். சந்தோசத்தில்தான் என்று நினைத்தேன்.

பிறகு அடுத்த கதை வந்தது. இன்னும் பெரிய அளவில் இரண்டாம் முறை செய்விக்கப்போகிறானாம். அதற்காகக் கிளென் வேவர்லி வீட்டை பாங்கில் ஈடு வைக்கப்போகிறானாம். "உன்ர மனுசி என்ன சொல்லுறாள்?" என்று கேட்டேன். "ஓம் எண்டு சொல்லிப்போட்டாள்" என்றான். சல்லி சல்லியாய்ப் பார்த்துச் செலவழிக்கிறவள் ஓம் என்றாளா? எனக்கு நம்ப முடியவில்லை.

அந்தச் சதுர்த்திக்கு, த பேசின் என்ற இடத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். மச்சாள் கடலை அவித்து ஒரு பெரிய சட்டியில் கொண்டுவந்திருந்தாள். பூசை முடிந்து சட்டி வெறுமையானதும், அவள் யாரோடோ கதைத்துக்கொண்டு நிற்கிறாளே என்று, சட்டியைக் காரில் வைக்க அவள் கைப்பையில் இருந்த திறப்பை நானே எடுத்துக்கொண்டு போனேன். டிக்கியைத் திறந்து, விரித்திருந்த துவாயைத் தள்ளினேன். ஐயோ என்ர பிள்ளையாரே! அடியில் முழுக்கத் தம்பியின் பியர். உடைக்காத ரின்கள், தென்னை மாதிரியான அந்தப் பனைமரத்தோடு. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதை என்றால் இதுதான்.

மச்சாள் ஓடிவந்து டிக்கியைச் சாத்தினாள். "சத்தம் போடாதேங்கோ மச்சாள். கோயில்."

"கோயில் எண்டு உனக்குத் தெரியுதே? என்னடி இது?"

பிலிப்பைன்ஸ் பெண் அவளோடு வார்டில் வேலை செய்கிறவளாம். வீடு எங்கள் பக்கமாம். மச்சாள்தான் அவளை வாங்கச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வாங்கியதை ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் கைமாற்றி, தம்பி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து உடுப்புத் தோய்க்கிற லோண்டரித் தொட்டிக்குள் ஊற்றுகிறாள். ஊற்ற நேரம் கிடைக்காத கிழமைகளில் டிக்கிக்குள் சேர்ந்துவிடுகிறது.

"வீட்டை ஈடு வைக்கிறதுக்கும் ஓம் எண்டிருக்கிறாய். உனக்கு என்ன விசரே?"

"இவர் இப்ப நித்திரை கொள்ளுறார் மச்சாள்" என்றாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "பியர் போகுது எண்டு நீங்கள் சொன்ன நாளில இருந்து நித்திரை கொள்ளுறார். படுத்தா அசைவில்லை, ஒரு சத்தமில்லை, குழந்தைப்பிள்ளை மாதிரி. நான் வேண்டாம் எண்டு சொல்லி, அவர் திரும்ப அந்த அறைக்குள்ள போய்ப் படுத்தா? வீடு போனாப் போகட்டும். எனக்கு ஆள் வேணும்."

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. டிக்கியைத் திரும்பத் திறந்து துவாயை ஒழுங்காக இழுத்து மூடினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கணவர், "நீ இதில தலையிடாதை, அது புருசன் பெண்சாதி விசயம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சொன்னால் தம்பி போய்விடுவான் என்ற பயம். சொல்லாவிட்டால் வீடு போய்விடும். கோயிலுக்குப் போய் நிம்மதியைத் தொலைத்துவிட்டு வந்தவள் நானாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வழக்கம்போல் வந்தான். துணியை எடுத்து ரின்களைத் துடைத்தான். அன்றைக்குத்தான் அவனை நன்றாகப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. ஒரு ரின்னையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றான். "புதன்கிழமை பாங்குக்குப் போறன் அக்கா" என்றான்.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. "டேய், அந்தப் பிலிப்பைன்ஸ்காரி உன்ர பியரைக் குடிக்கிறேல்லை."

அவன் திரும்பவில்லை. "தெரியும் அக்கா."

"என்னடா தெரியும்?"

"ரயருக்குக் காத்துப் பாக்க என்ர மனுசியின்ர காரை எடுத்தனான். டிக்கிக்குள்ள கண்டனான். அது நடந்து கனநாள்."

"பிறகேன்டா பாங்குக்குப் போறாய்? மாடே!"

ரின்னைக் கவனமாகத் தட்டில் வைத்தான். பிறகு அங்கே கிடந்த பெட்டி ஒன்றின் மேல் இருந்துவிட்டான். "வீட்டை ஈடு வைக்கப்போறன் எண்டா வேண்டாம் எண்டு சொல்லுவாள் எண்டு நினைச்சன் அக்கா. அவள் ஒருக்கா வேண்டாம் எண்டு சொன்னாப் போதும், நான் விட்டிடுவன். அவள் ஓம் எண்டிட்டாள். பேந்து நான் என்ன செய்ய? எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா அவள் உடைஞ்சு போயிடுவாள்."

"நீ இப்ப நித்திரை கொள்ளுறாய் எண்டு எவ்வளவு சந்தோசப்படுறாள் தெரியுமே?"

"நான் நித்திரை கொள்ளுறேல்லை" என்றான். "கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடக்கிறன். நான் நித்திரை எண்டு நினைச்சாத்தான் அவள் நித்திரை கொள்ளுவாள்."

சத்தமில்லாமல் நித்திரை கொள்கிறான் என்று அவள் சொன்னபோது என் மரமண்டைக்கு ஏன் ஏறவில்லை? இவன் சத்தமில்லாமல் நித்திரை கொண்ட நாள் உண்டா? அவன் தலையைப் பிடித்து என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். ஐம்பதை எட்டும் ஆம்பிளை, தோள் குலுங்கக் குலுங்க அழுதான். உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தம் காட்டாமல் வெளியே போய்விட்டார்.

அவனை அப்படியே விட்டுவிட்டு மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அவள் வீட்டில்தான் நின்றாள். சுற்றிவளைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. "உன்ர மனுசனுக்கு எல்லாம் தெரியும். நீ சொல்லுற அந்த நித்திரை எல்லாம் நடிப்பு. அவனும் உனக்காக நடிக்கிறான். இஞ்ச வந்து ஆளைக் கூட்டிக்கொண்டு போ" என்றேன். "வாறன்" என்றாள்.

கிளென் வேவர்லியில் இருந்து வெரிபீ வர நேரமெடுக்கும். அவ்வளவு நேரமும் தம்பி அந்தப் பெட்டியிலேயே இருந்தான். அவள் வீட்டு உடுப்போடு, தலையும் வாராமல் வந்தாள். இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் இருந்தாள். நான் ஏதோ பெரிய சண்டை வரும் என்று பயந்து கவுண்டரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். "வீட்டை வைக்க வேண்டாம்" என்றாள் அவள். "சரி" என்றான் அவன். அவன் காரை எங்கள் கடை வாசலிலேயே விட்டுவிட்டு, அவளோடு ஏறிப் போனான்.

அவர்கள் போனதும், தம்பியின் பியரை எல்லாம் கண் மட்டத்தில் இருந்து இறக்கி வாசலடிக் கூடைக்குள் போட்டேன். வேலை இல்லை, பியரும் இல்லை, நாளைக்கு எழும்பி அவன் என்ன செய்வான் என்று என் தலைக்குள் ஒரே குடைச்சல். அப்போது போன் அடித்தது. மச்சாள். கார் ஓடுகிற இரைச்சல் கேட்டது.

"என்ன? என்னடி நடந்தது?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாதேங்கோ மச்சாள்" என்றாள், குரலை அடக்கிக்கொண்டு. "இப்பதான் வெஸ்ட்கேற் பாலத்தில ஏறுறன். சும்மா கேளுங்கோ."

இரைச்சலுக்கு மேலால் அது வந்தது. மரம் அரிகிற மாதிரி, இடையில் ஒரு சீட்டியோடு, ஊரில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அங்காலும் கேட்ட அதே குறட்டை. கவுண்டரில் ஒருவர் காசை நீட்டிக்கொண்டு நின்றார். பொறுங்கள் என்று அவருக்குக் கையைக் காட்டிவிட்டு, நான் கேட்டுக்கொண்டே நின்றேன்.