சேர்ந்து இறங்கிய சுருதி

டோமினிக் சார் நல்ல மனிதர். ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். பத்து வருட மழைக் கணக்கைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு மழை வராது என்று குடையில்லாமல் கிளம்பி, தொப்பலாக நனைந்து வந்தவர் அவர். திருச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியர். வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில்.

எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். சார் மிக்ஸரைப் பார்த்துக்கொள்வார். எல்லாப் பாட்டையும் பதிவுசெய்து, வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டு ஆராய்வார். குரல் திரையில் ஒரு கோடாக ஓடும். சுருதி ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். திருவிழா அன்று மட்டும் நாங்கள் வேகமாகப் பாடுகிறோம் என்று ஒருமுறை வரைபடத்தோடு வந்தார். பிரியாணி வாசனைதான் காரணம் என்றேன். அதையும் சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

அவர் மனைவி லிசி அக்காதான் குழுவின் முதல் குரல். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது மந்தமாகிவிட்டது. வலது காதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் எங்களை நடத்தினார். பாட்டைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

இந்தத் தவக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் காலையில் எழுந்தபோது அந்த வலது காது பஞ்சு அடைத்தாற்போல் ஆகிவிட்டது. தில்லை நகர் காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுப் பட்டென்று சொன்னார். நரம்பில் திடீர்ப் பாதிப்பு, இந்த வாரமே காதுக்குள் ஊசி போட ஆரம்பிக்க வேண்டும், நாள் கடந்தால் கேட்கும் சக்தி திரும்புவது சந்தேகம். காதுக்குள் ஊசி என்றதும் அக்கா நடுங்கிப்போனார்.

"ஏங்க, காது போயிருந்தா பாட்டு பிசகணும்ல? நீங்கதான் எல்லாம் அளக்குறீங்களே, பாத்துச் சொல்லுங்க. பிசகுச்சுன்னா ஊசி போட்டுக்குறேன்" என்றார் சாரிடம்.

தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கீபோர்டு கிடையாது. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைப் பாட்டெல்லாம் வெறும் தொண்டைதான். அக்காவுக்குத் தனி மைக், மற்றவர்களுக்குப் பொது மைக். இரண்டும் தனித்தனியாகப் பதிவாகும். சார் அன்றைய பாட்டை எடுத்து, அக்காவின் கோட்டைக் குழுவின் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒட்டிக்கொண்டு ஓடின. எனக்கும் காட்டினார்.

"அட, அச்சு அசலா சேருதே சார்!" என்றேன்.

"டாக்டர் ஒரு ரூம்ல உக்கார வச்சு பீப் பீப்னு கேக்க வைக்கிறாரு. இது நெசமான பாட்டு ஆசீர். நான் எதை நம்பட்டும்?"

அடுத்த வெள்ளியும் அப்படியே வந்தது. அக்கா நிம்மதியாகச் சிரித்தார். ஊசி தள்ளிப்போனது. வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனதும், பின்னாலிருந்து கூப்பிட்டால் அக்கா திரும்பாததும் சாருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டார். ஊரில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்ட மனிதர், தனக்குப் பிடித்த பதில் வந்ததும் சந்தேகத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டார். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

தவக்காலத்தின் நடுவே சூசையப்பர் திருநாள் வந்தது. அன்றைக்கு மட்டும் கீபோர்டுக்கு அனுமதி. மாலைத் திருப்பலியில் வானவர் கீதத்துக்கு நான் சுருதி கொடுத்தேன். அக்கா எடுத்தார். என் விரல் ஓரிடம், அவர் குரல் ஓரிடம். குழுவில் பாதிப்பேர் என்னோடு வந்தார்கள், பாதிப்பேர் அவரோடு போனார்கள். கோயிலே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் நின்று பாடிய சுஜா அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணை மூடி, முகமெல்லாம் சிரிப்பாகப் பாடிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் நான் கையை எடுத்துவிட்டேன். அடுத்த வரியிலேயே எல்லோரும் அக்காவோடு சேர்ந்துகொண்டார்கள். பாட்டு அழகாக ஒன்றாகிப் போனது. மிக்ஸர் பக்கம் பார்த்தேன். சார் முகத்தில் ரத்தமே இல்லை.

பூசை முடிந்ததும் முதல் வெள்ளிக்கிழமைப் பதிவைப் போட்டு, கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிப் பார்த்தோம். தொடங்கிய சுருதி ஒன்று, முடிந்த சுருதி அதற்கு எவ்வளவோ கீழே. அக்கா இறங்க இறங்க, அவரை நம்பிப் பாடிய குழுவும் கூடவே இறங்கியிருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கீபோர்டும் இல்லை. ஒரே படகில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து ஆளைப் பார்த்து, நாம் நகரவே இல்லை என்று சொன்ன கதைதான். அந்தப் படகில் நானும்தான் இருந்தேன்.

"ஒரே ஒரு தடவ, இந்தக் கட்டையோட வச்சுப் பாத்திருந்தா போதுமே ஆசீர்" என்றார் சார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

மறுநாள் காலையில் தில்லை நகருக்கு ஓடினோம். டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசி ஒவ்வொன்றையும் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டார். கடைசிச் சோதனைக்கு நானும் கூடப் போனேன். காது கொஞ்சமும் தேறவில்லை.

"மெஷின் வச்சா பேச்சு ஓரளவு புரியும்மா. பாட்டு பழையபடி கேக்காது" என்று டாக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். அக்கா அதைப் படித்துவிட்டு, மடிக்காமல் மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்தார்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். பாலத்தின்மேல் போகும்போது சார் அக்காவின் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். அக்கா மிச்சமிருந்த அந்த மந்தமான இடது காதைத் திருப்பினார். "என்னங்க?" என்றார். சார் மறுபடி சொன்னார்.

"கேக்கலங்க. சத்தமாச் சொல்லுங்க."

அத்தனை வருடம் வகுப்பு எடுத்த தொண்டை அது. "தப்பு என்மேலதான் லிசி! நாந்தான் உன்னப் போக விடல! நாந்தான் உன் காதக் கெடுத்தேன்!" என்று கத்தினார். பஸ் மொத்தமும் திரும்பியது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார். சார் நிறுத்தவில்லை, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

அக்கா அவர் வாயைக் கையால் பொத்தினார்.

"போதும்ங்க. கேட்டுருச்சு" என்றார்.