இரைச்சல் இல்லாத பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கொல்லையில் பாத்திரம் துலக்குவது வழக்கம். அங்கிருந்த அடிபம்பு நாலு வீட்டுக்குப் பொது. தோல் பதனிடுகிற ஷாப்புகளின் கழிவு மண்ணில் இறங்கி, தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. துலக்கவும் துவைக்கவும்தான் ஆகும்.

ஒருநாள் பம்புப் பிடியைப் பிடித்ததும் விரலிலிருந்து முழங்கை வரை சுருசுருவென்று ஏறியது. கையை எடுத்ததும் நின்றது. மறுநாளும் அப்படியே. என் அம்மாவுக்குக் கை மரத்துப்போவதில் ஆரம்பித்துப் பக்கவாதத்தில்தான் முடிந்தது. மெஷினில் தோலை ஊசிக்குத் தள்ளுகிறவளுக்குக் கை ஆடினால் அவ்வளவுதான், வேலை போயிற்று. யாரிடமும் மூச்சு விடவில்லை. ராத்திரி படுக்கையில் விரல்களை மடக்கி மடக்கிப் பார்ப்பேன்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால், அவர் காது கொஞ்ச நாளாகவே வேறு இடத்தில் இருந்தது. கடையில் ஒரே பெட்டியாக விற்கிற டேப்ரெக்கார்டர் இந்தத் துரைக்கு ஆகாது. டெக் தனி, ஆம்ப்ளிஃபயர் தனி, ஸ்பீக்கர் தனி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். தச்சரிடம் ஸ்பீக்கர் பெட்டி செய்து வாங்கி, கம்பெனியில் கழித்த தோல் துண்டுகளை உள்ளே சொல்யூஷன் போட்டு ஒட்டினார், அதிர்வு அடங்குமாம். நாள் முழுக்க முகர்ந்த வாடை வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் சத்தம் பற்றவில்லை என்று மெட்ராஸ் போய், பழைய சாமான் கடையில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவந்து மாட்டினார். சத்தம் கூடியது. பாட்டுக்கு அடியில் வண்டு மாதிரி ஓர் இரைச்சலும் சேர்ந்துகொண்டது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் ஜன்னல் வழியாக ஏதோ கம்பியை வெளியே இழுத்தார். இரைச்சல் போய்விட்டது. எங்கே இழுத்தார் என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நான் பம்பு அடித்துக்கொண்டிருந்தேன், கையில் சுருசுரு. திடீரென்று கரண்ட் போனது. பாட்டு பாதியில் நின்றது. கையும் அந்த நொடியே அமைதியானது. சற்று நேரத்தில் கரண்ட் வந்தது. பாட்டும் வந்தது, சுருசுருவும் வந்தது.

எனக்கு நோய் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டு மருமகள், வயிற்றுப் பிள்ளைக்காரி, வெறுங்காலோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பம்புக்கு வந்துகொண்டிருந்தாள். கையை உதறிவிட்டு அவளுக்குக் குறுக்கே நின்றேன். அவள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். நான் குரலெடுத்துக் கூப்பிட்டதும் அவர் வெளியே வந்தார்.

"செட்ட நிறுத்து. பம்புல கரண்டு வருது."

"இரைச்சலுக்காக எர்த்துதான் பம்புல குடுத்துருக்கேன். உப்பு மண்ணு, அப்படியே இழுத்துக்கும்," என்றார்.

சொல்லிக்கொண்டே டெஸ்டரை எடுத்துவந்து பம்பில் வைத்தார். சிவப்பாக எரிந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இரும்புக் குழாயை உப்பு தின்றுவிட்டது என்று போன வருஷம்தான் வீட்டு ஓனர் அதைப் பிடுங்கிவிட்டு பிளாஸ்டிக் குழாய் இறக்கினார். கூடவே நின்று கை கொடுத்தவர் இவர்தான். மேலே மட்டும் இரும்பு. பழைய டிரான்ஸ்ஃபார்மரில் கசிந்த கரண்ட் மண்ணுக்குள் போக வழியில்லாமல் பம்பிலேயே நின்றிருக்கிறது. அவர் துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கம்பியைப் பிடுங்கினார், டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினார். இரைச்சல் திரும்பி வந்தது. அவர் அதைத் திட்டாத நாளில்லை. எனக்கோ அது காதில் விழுந்தால்தான் பம்பைத் தொடக் கை நீளும்.

அடுத்த வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது அவர் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கிவந்து மாட்டி, முகமெல்லாம் பல்லாக என்னைக் கூப்பிட்டார்.

"கேளு. துளி இரைச்சல் இல்ல பாரு."

கேட்டேன். இல்லைதான். அடுப்பில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினேன். மகள் ஈரக்காலோடு பம்புப் பிடியில் தொங்கிக்கொண்டிருந்தாள். அவளை வெடுக்கென்று இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டேன்.

"இன்னாம்மா?" என்றாள்.

அவளைத் துவைக்கிற கல்லில் ஏற்றி நிறுத்திவிட்டு, பம்புப் பிடியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன், சுருசுரு இல்லை.