தூளியில் எழுந்து நின்றவன்

உத்தரத்து இரும்பு வளையத்தில் கயிறு உரசும் 'கிறீச் கிறீச்' சத்தம்தான் எங்கள் வீட்டு மத்தியானங்களின் சத்தம். அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை குழந்தை தூளியில் தூங்குகிறான், அம்மாவும் கொஞ்சம் கண்ணயரலாம் என்று அர்த்தம்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். அப்பாவின் ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்து, அக்ரஹாரத்தில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது, தம்பி சீனுவுக்கு எட்டு மாதம். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, தண்ணீர் சேந்தி, சமைத்து, துவைத்து ஓயும் அம்மாவுக்கு அந்த அரைமணித் தூக்கம்தான் சுகம். முந்தானையை விரித்துத் தரையிலேயே படுத்துவிடுவாள்.

குழந்தையின் ஒவ்வொரு முன்னேற்றத்தையும் எங்கள் வீட்டில் தின்றுதான் கொண்டாடுவார்கள். குப்புற விழுந்ததற்குப் போளி, தவழ்ந்ததற்குக் கொழுக்கட்டை, வாசற்படி தாண்டியதற்கு அப்பம் எல்லாம் ஆயிற்று. எழுந்து நிற்பதுதான் பாக்கி. எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, அத்தை, "பிடிச்சுண்டு நின்னுட்டான்னா மறுநாளே தூளியை அவுத்துடணும். அப்புறம் பாயிலதான். பக்கத்துல ஒருத்தி கண்கொத்திப் பாம்பா உக்காந்துக்கணும்" என்பாள். அந்த 'ஒருத்தி' யாரென்று எனக்குத் தெரியாதா என்ன? தூளி இருந்தால் பத்து ஆட்டு ஆட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடிவிடலாம். எதிர்வீட்டு கமலி "பேக பாரே", சீக்கிரம் வாடி, என்று கன்னடத்தில் பறப்பாள். சில்லை எறிந்து ஒற்றைக்காலில் கட்டம் தாண்டும் 'குண்டெபில்லெ'யில், அந்தத் தசரா லீவு முழுக்க நான்தான் ராணி.

ஒரு மத்தியானம் தூளியை விலக்கிப் பார்க்கிறேன். சீனு புடவையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி எழுந்து நிற்கிறான்! புதிதாக முளைத்த இரண்டு பல்லும் தெரிய என்னைப் பார்த்துச் சிரித்தான். அடடா, என்ன சிரிப்பு அது! "அம்மா, இங்கே வாயேன்" என்று ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டாமா? கொடுக்கவில்லை. சொன்னால் தூளி போய்விடும். தலையை அமுக்கிப் படுக்கவைத்து வேகமாக ஆட்டினேன். மறுநாளும் நின்றான், மறுநாளும் அமுக்கினேன். பாவி.

மூன்றாம் நாள் ஆறாவது கட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றபோது, உள்ளிருந்து அம்மாவின் அலறல் கேட்டது. ஓடினேன். தூளி காலியாகத் தொங்கியது. கீழே காவித் தரையில் சீனு. நெற்றி பிளந்து ரத்தம். அவன் அழவே இல்லை. கமலியின் அம்மா ஓடிவந்து குழந்தையைப் பார்த்து, "அய்யோ கூசு! ஜட்கா கரீரி!" என்று ஜட்காவைக் கூப்பிடச் சொல்லித் தெருவைக் கூட்டினாள். அம்மா அவனை மாரோடு அணைத்துக்கொண்டு வெறுங்காலோடு ஜட்காவில் ஏறினாள். வண்டி நகர்ந்த பிறகுதான் அவன் வீறிட்டு அழுதான். எனக்குப் போன உயிர் வந்தது.

நெற்றியில் தையல்களோடு பிழைத்து வந்தான். பழி அம்மா தலையில் விழுந்தது. "குழந்தை எழுந்து நிக்கறது பெத்தவளுக்குத் தெரியாதோ? காலை நீட்டிண்டு தூங்கினா எப்படித் தெரியும்?" என்றாள் அத்தை. அப்பா தூளியை அவிழ்த்தார்; அது அத்தையின் பேச்சைவிடக் கொடுமை. "சத்தியமா நான் பாக்கலையே. நேத்திக்குக்கூட உக்காந்துண்டுதானே இருந்தான்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அவன் நின்றதற்கான பட்சணத்தை யாரும் செய்யவே இல்லை.

அன்றிலிருந்து அம்மா பகலில் படுக்கவில்லை. பாய்க்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்திருப்பாள்; கண் செருகினால் பதறி நிமிர்வாள். "நீ போய் விளையாடு, நான் பாத்துக்கறேன்" என்பாள். நானும் போனேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சீனு வேலைக்குப் போய், கல்யாணமாகி, அவனுக்குத் தலை நரைத்த பிறகும்கூட அம்மா மத்தியானங்களில் நாற்காலியில் விழித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ் நிற்கிறது. தூளி கட்ட உத்தரம் யார் வீட்டில் இருக்கிறது? குழந்தைகள் கம்பி வைத்த கட்டிலில் தூங்குகின்றன. அத்தையும் இல்லை, அம்மாவும் போய்ப் பல வருஷமாகிவிட்டது. போன மாதம் பேரன் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த சீனு திடீரென்று கேட்டான்: "ஏங்க்கா, நம்ம அம்மா மட்டும் ஏன் பகல்ல படுக்கவே மாட்டா? உனக்குத் தெரியுமோ?"

எனக்கு எண்பது வயதாகப் போகிறது. "தெரியலையேடா" என்றேன்.