காசியில் விட்ட கொய்யா

1990 நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குப் பெரியப்பாவுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஏழு மணிக்குத் தூறல் விழுந்தது. பத்து நிமிடத்தில் நின்றது. நான்காம் வகுப்பிலிருந்தே அன்றாடம் நடப்பதை நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. அதனால்தான் இவ்வளவு துல்லியமாகச் சொல்லமுடிகிறது. பெரியப்பாவுக்குக் காப்பி கொண்டுபோவது வீட்டில் என்னுடைய வேலை. காலையில் முதல் டம்ளர் உள்ளே இறங்கும்வரை அவர் யாருக்கும் பதில் சொல்லமாட்டார். தொழுவத்து மாட்டை யாராவது அவிழ்த்துக்கொண்டு போனாலும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்த ஐப்பசியில் பெரியப்பாவும் பெரியம்மாவும் காசிக்குப் போய்வந்திருந்தார்கள். கொண்டுவந்த கங்கைச் செம்பைப் பூசையில் வைத்துத் திறந்து, சொந்தக்காரர்களுக்குச் சாப்பாடு போடும் நாள் அது.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்குப் பிரியமான பழமோ காயோ ஒன்றை அங்கே விட்டுவிட்டு வரவேண்டும். அதன்பிறகு ஆயுளுக்கும் அதைத் தொடக்கூடாது. பெரியப்பா கொய்யாவை விட்டார். சட்டைப்பையில் உப்பும் மிளகாய்ப்பொடியும் மடித்துவைத்துக்கொண்டு திரிந்தவர் அவர். கூடப் போன மேலத்தெருக் கடைக்கார அண்ணாச்சி ஆப்பிளை விட்டார். எங்கள் ஊர்ச் சந்தைக்கு ஆப்பிள் வந்து நான் பார்த்ததில்லை.

பூசை முடிந்ததும் பெரியம்மா அவரைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாச்சி ரொம்பக் கஷ்டப்பட்டுல்லா ஆப்பிள விட்டிருக்கீய. தூக்கம் வருதா?”

“சிரிங்க, சிரிங்க. பழமா முக்கியம்? அது சும்மா ஒரு அடையாளம். மனசுல இருக்க வீம்ப விடணும்னுதான் அப்படிச் சொல்லிவச்சிருக்காவ.”

“அடையாளத்த நீங்க வச்சுக்கோங்க. கங்கையில நின்னு பழம்னு சொன்னா பழந்தான். எங்க அய்யா கத்தரிக்காய விட்டுட்டு வந்து, ஒரு கல்யாண வீட்ல மறந்து தின்னுட்டாவ. அதுக்கு ஈடா வெத்தலையவே விட்டாவ. விட்டதத் தொட்டா, அதவிடப் பிரியமானத விடணும்.”

பெரியப்பா இருவரையும் பார்த்தார். என்னிடம் காப்பி கேட்டார். அன்றைக்கு அது மூன்றாவது.

அவர் கண் வாசலிலேயே இருந்தது. சித்தப்பா அவர் எடுத்து வளர்த்த தம்பி. நான்கு வருடத்துக்கு முன்பு, புதியம்புத்தூரில் தையல் வேலை பார்த்த, சர்ச்சுக்குப் போகிற ஒரு பெண்ணைச் சித்தப்பா கட்டிக்கொண்டார். “அவ இந்த வாசப்படிய மிதிக்கக்கூடாது” என்று பெரியப்பா சொன்னார். சித்தப்பாவும் அதன்பிறகு மிதிக்கவில்லை. காசியிலிருந்து வந்த மறுநாள் பெரியப்பாவே அவர்களுக்குக் கார்டு எழுதிப் போட்டார். இந்த ஒரு தடவை மனம் கோணித் திரும்பிப் போனால் அவர்கள் இனி வரவே மாட்டார்கள் என்று அம்மா அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொன்று நாற்பதுக்கு இருவரும் வந்தார்கள். செருப்பைக் கையில் பிடித்திருந்தார்கள்; பாதமெல்லாம் கரிசல் மண் அப்பியிருந்தது. சித்தி கால் கழுவிய கையோடு அடுப்படிக்கு வந்து, அரிவாள்மணையும் உப்பும் மிளகாய்ப்பொடியும் கேட்டு வாங்கினார். கொண்டுவந்த மஞ்சள் பையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு தட்டைப் பெரியப்பாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். கீற்றுக் கீற்றாக நறுக்கிய கொய்யா.

“எங்க வீட்டு மரத்துல காச்சது, அத்தான். உங்களுக்குன்னா உசுருன்னு இவிய சொன்னாவ.”

வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். நான்தான் கத்தினேன்.

“பெரியப்பா கொய்யா திங்கக்கூடாது! காசியில விட்டாச்சு!”

“ஏட்டி, வாய மூடு” என்று அம்மா என் தோளில் அடித்தார்.

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. தட்டைத் திரும்ப எடுக்கக் குனிந்தவர், சிரிக்கப் பார்த்தார். “தெரியாமப் போச்சு, அத்தான். எங்க வேதத்துலயும் ஒரு கனியாலதான் ரெண்டு பேரு வெளிய போனாவ.”

“அது ஆப்பிள்லா?” என்று கேட்டார் அண்ணாச்சி, தன் பழமாயிற்றே என்கிற அக்கறையோடு.

“என்ன பழம்னு எழுதல, அண்ணாச்சி. கனின்னு மட்டுந்தான் இருக்கு.”

சித்தப்பா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பெரியப்பா தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அங்க வெளிய போகச் சொன்னாவ. இங்கன யாரும் சொல்லலயே. உக்காரு தாயி.”

“என்னங்க!” என்றார் பெரியம்மா. பெரியப்பா திரும்பவில்லை. ஒரு கீற்றை எடுத்து மென்றார்.

“உப்பு தூக்கல்” என்று சொல்லிவிட்டு இன்னொன்றை எடுத்தார். தட்டு காலியாகும்வரை சித்தி அங்கேயே உட்கார்ந்திருந்தார். சித்தப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தொழுவத்துப் பக்கம் போய்விட்டார்.

“நான் சொன்னேம்லா? பழமா முக்கியம்?” என்று அண்ணாச்சி பந்தி முடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஜெயித்தது அவர்தான் என்று எல்லோருமே நினைத்தார்கள். எனக்கு மட்டும் பயமாக இருந்தது, கங்கை பெரியப்பாவை என்ன செய்யுமோ என்று. சித்தியும் சித்தப்பாவும் சாப்பிட்டு, நாலரை பஸ்ஸுக்குப் போனார்கள். அதன்பிறகு ஒவ்வொரு கார்த்திகையிலும் சித்தி மஞ்சள் பையோடு வந்தார். பெரியப்பா கடைசிவரை அந்தக் கொய்யாவைத் தின்றார்.

அந்தப் பூசைக்கு மறுநாள் ஆறு மணிக்குக் காப்பி கொண்டுபோனேன். பெரியப்பா டம்ளரை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தார். பிறகு அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

“இனிமே வேண்டாம் தாயி. பெரியம்மாட்ட சொல்லிரு.”

அடுப்படியில் போய்ச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. காப்பியைக் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார். நான் நோட்டை எடுத்து எழுதினேன்: “காலை 6.00. பெரியப்பா காப்பி குடிக்கவில்லை. கொய்யா வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போல.”