இடப்பக்கம் வளைந்த இதயம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பார்த்த வேலைகளில் ஓரளவு நிலைத்தது அந்த ப்ரிண்டிங் கடைதான். காகிதத்தில் அச்சடிக்கிற கடை இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கும் உருவத்தை ரெசினில் அடுக்கடுக்காகக் கெட்டிப்படுத்தி, கையில் பிடிக்கிற பொருளாக எடுத்துத் தருவார்கள். எட்டாவதோடு படிப்பு நின்றபின் லாரி கிளீனர், பூந்தமல்லியில் பரோட்டா மாஸ்டருக்குக் கையாள், ஃபவுண்டரியில் மணல் அள்ளுவது என்று சுற்றிக்கொண்டிருந்தேன். ஃபவுண்டரியில் பாதம் வெந்துபோய் நிற்க முடியாமல் இருந்தபோது, உட்கார்ந்து செய்கிற வேலை என்று யாரோ இதைச் சொன்னார்கள். மெஷினிலிருந்து வரும் பொருளைக் கழுவி, அச்சாகும்போது அதைத் தாங்கி நின்ற மெல்லிய கால்களைக் கட்டரால் நறுக்கி எடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரில் உட்காருபவர் திருநின்றவூரிலிருந்து ரயிலில் வருகிற ஓர் அண்ணன். எங்களிடம் வந்ததெல்லாம் பம்பு விசிறி, கதவுக் கைப்பிடி, கார் விளக்கைத் தாங்கும் பிராக்கெட். அப்படி ஒரு நாளில் ஓர் ஆராய்ச்சி மாணவி பென் டிரைவோடு வந்தார். அண்ணன் ஃபைலைத் திறந்ததும் கேட்டார்:

“இன்னா மேடம் இது, எறா மாதிரி கீது?”

“கோழிக்குஞ்சுண்ணா. முட்டைக்குள்ள உருவாக ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல.”

நிஜத்தில் அது ஓர் அரிசி அளவுகூட இருக்காதாம். அயோடினில் ஊறவைத்து, திருகுமூடி போட்ட சின்னக் குப்பியில் வைத்து, சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். கம்ப்யூட்டர் அதைப் பிரட் துண்டு மாதிரி சீவல் சீவலாக்கி, மறுபடி அடுக்கி முழு உருவமாகக் காட்டும். அதை உள்ளங்கை நீளத்துக்குப் பெரிதாக்கித் தரச் சொன்னார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். தலை, வளைந்த முதுகு, நடுவில் ஒரு குழாய். அந்தக் குழாய்தான் இதயமாம். முதலில் நேராக இருந்து, பிறகு குஞ்சின் வலப்பக்கமாக வளையுமாம். எல்லாக் கோழிக்கும் வலப்பக்கம்தான்.

“இது மட்டும் இடப்பக்கம் வளைஞ்சிருக்கு. அன்னிக்கு கரண்ட் போய், அடைவைக்கிற பெட்டி ரொம்ப நேரம் ஆறிக்கிடந்துச்சு. அதனாலயான்னு தெரியல.”

அவருடைய பேராசிரியர் நம்பவில்லை. வழக்கமாக எக்ஸ்ரே எடுக்கும் மெஷின் பழுதாகி, இந்த ஒன்றை மட்டும் எஸ்டேட்டில் இரும்பு வார்ப்புக்குள் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று பார்க்கிற இடத்தில் எடுத்திருந்தார். அந்த மெஷின் சீவல்களுக்குக் கீழிருந்து எண் போட்டதா, மேலிருந்தா என்று அங்கே இருந்தவர்களுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தலைகீழாக அடுக்கினால் இடது வலதாகிவிடும். அதுதான் நடந்திருக்கும், கரண்ட் போன நாள் முட்டைகளையே விட்டுவிடு என்று அவர் சொல்லியிருக்கிறார். குஞ்சு திரும்பியதா, தன் கை தவறியதா என்று இவருக்குத் தெரிந்தாக வேண்டும். திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துத் தலைதான் சுற்றியதாம். கையில் வைத்துப் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று வந்திருந்தார்.

அடுக்கு மாறினால் இடது எப்படி வலதாகும்? எனக்கு விளங்கவில்லை. டீக்கடையில் பிரட் வாங்கி, முதல் துண்டில் முன்பக்கம், அடுத்ததில் வலப்பக்கம், பிறகு பின்பக்கம், இடப்பக்கம் என்று கிள்ளி அடுக்கினேன். கிள்ளிய இடங்கள் படிக்கட்டு மாதிரி சுற்றி ஏறின. துண்டுகளைப் புரட்டாமல் வரிசையை மட்டும் மாற்றினேன். படிக்கட்டு எதிர்ப்பக்கமாகச் சுற்றியது.

“துன்றதுக்கு வாங்குனியா, வெள்ளாடறதுக்கா நைனா?” என்றார் அண்ணன்.

மறுநாள் அந்தப் பெண் வந்தபோது தட்டில் இரண்டு குஞ்சுகள் இருந்தன. ஒன்றின் இதயம் இடப்பக்கம், இன்னொன்றின் இதயம் வலப்பக்கம். அவர் இரண்டையும் கையில் எடுத்தார்.

“எதுண்ணா நான் குடுத்தது?”

“இது எல்.எச்., இது ஆர்.எச். ஜோடியா போட்டுகீறேன் மேடம்.”

இடப்பக்கத்துக்கு எல்.எச்., வலப்பக்கத்துக்கு ஆர்.எச். என்று கார் பிராக்கெட்டுக்கு அப்படித்தான் பழக்கம். இடப்பக்கத்துக்கு ஃபைல் வந்தால், யாரும் சொல்லாமலே வலப்பக்கத்துக்கும் திருப்பிப் போட்டுவிடுவோம். ஒற்றையாகக் கேட்டு எங்களிடம் யாரும் வந்ததில்லை.

“குஞ்சுக்கு எதுக்குண்ணா ஜோடி?” என்று கேட்டவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் இரண்டையும் கீழே வைக்கவில்லை. மேசை விளக்கடியில் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். இரண்டும் அசல் மாதிரியே இருந்தன. எது பொய் என்று அவற்றைப் பார்த்துச் சொல்லவே முடியாது. திடீரென்று நிமிர்ந்தார்.

“அண்ணா, குஞ்சை மட்டும் தனியா வெட்டி எடுக்கறதுக்கு முந்தின ஃபைல் பென் டிரைவ்லயே இருக்கு. குப்பியோட இருக்கும். குப்பிக் கழுத்தை மட்டும் பெருசாப் போட்டுத் தர்றீங்களா?”

“கோயி வேணாமா?”

“கோழி வேணாம். மூடி திருகுற மரை மட்டும்.”

அது அச்சாகி முடியும்வரை போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் கழுவி எடுத்ததும், கால்களை நறுக்கக்கூட விடாமல் வாங்கிக்கொண்டார். பையிலிருந்து நிஜக் குப்பி ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நிஜக் குப்பியின் மரை ஒரு பக்கமாகச் சரிந்து ஏறியது. நாங்கள் அச்சடித்தது அதற்கு எதிர்ப்பக்கமாக ஏறியது. அப்படி ஒரு குப்பி கடையில் கிடைக்காது.

“தலைகீழாத்தான் அடுக்கியிருக்கேன். குப்பி மாறியிருந்தா உள்ள இருக்கற குஞ்சும் மாறித்தான் இருக்கும்” என்றார்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். “அப்போ நான் தெரியாம போட்ட ஆர்.எச். தான் ஒரிஜினலா?”

“ஆமாண்ணா.”

அந்தப் பெண் வாசலுக்குப் போய் பேராசிரியருக்குப் போன் போட்டார். பக்கத்துப் பட்டறை கம்ப்ரஸர் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“நீங்க சொன்னதுதான் சார் சரி… ஆமா சார், என் தப்புதான்… இல்ல சார், ஒரு நிமிஷம். அவ்வளவு நேரம் ஆறியும் இது வலப்பக்கமேதான் திரும்பியிருக்கு. அதையும் எழுதணும்ல சார்?”

பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றார். உள்ளே வந்தபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

“அந்த நாள் முட்டைலேர்ந்து எடுத்து ஊறவெச்ச குஞ்சுங்க மிச்சம் இருக்கு. எல்லாத்தையும் எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு எழுதச் சொல்லிட்டார்.”

“போட்டுடலாம் மேடம். ஜோடியா?” என்றார் அண்ணன்.

“ஐயோ, ஒண்ணு போதும்ணா. ஆனா குப்பிக் கழுத்தோட.”

வலப்பக்கம் வளைந்ததைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். எனக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை.

“மேடம், அந்தக் குழாய்க்கு எது வலப்பக்கம்னு எப்படித் தெரியுது?”

“கொஞ்சம் தெரியும், மிச்சம் யாருக்கும் சரியாத் தெரியாது” என்று சொல்லிவிட்டு, தெரிந்த கொஞ்சத்தைச் சொல்வதற்காகப் பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.